55 நொடியும் 6 ஆண்டும்

இசைக்குழுவை முன்னின்று நடத்தும் கலையில் முனைவர் பட்டம் பெற வேண்டும் என்று ஜவ்வாது மலையிலிருந்து ஒரு மாணவி புறப்பட்டால் அவள் எங்கே போவாள்? ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள மலையூர்களில் ஏதோ ஒன்றில், அரசு பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளியில் படித்தவள், நன்றாகப் பாடுவாள், நாற்பது பிள்ளைகளைச் சேர்த்துப் பாட வைக்கும் திறமையும் அவளுக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவளுக்குப் பதில் சொல்ல உட்காரும்போதுதான் இந்தப் படிப்பைப் பற்றி நம்மிடம் எவ்வளவு குறைவான தெளிவு இருக்கிறது என்பது தெரிகிறது. உலகம் இதை எப்படிச் சொல்லித் தருகிறது, தமிழ்நாட்டில் இதற்கு என்ன இருக்கிறது, இல்லாததை எங்கிருந்து தொடங்கலாம் என்று ஒரு முறை முழுதாகப் பார்த்துவிட வேண்டும்.

மலைப்பிள்ளைக்கு முனைவர் பட்டம் எதற்கு என்று கேட்பவர்கள் காவலூர் வரை போய்வரலாம். ஆராய்ச்சி இந்த மலைக்குப் புதிதல்ல. ஆலங்காயத்திலிருந்து மலையேறினால் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வானாய்வகம் வரும். 1977 மார்ச்சில் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்தபோது, அந்த நிகழ்வைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1986இல் அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. முனைவர் பட்ட மாணவர்கள் அந்தத் தொலைநோக்கியில் இத்தனை இரவு வேண்டும் என்று விண்ணப்பிக்கிறார்கள், ஒரு குழு அதைப் பரிசீலித்து ஒதுக்குகிறது. வானத்தைப் பார்க்கக் கிடைத்த அந்த நேரம் இல்லாமல் ஆய்வேடு இல்லை.

இசை நடத்துநராக விரும்பும் மாணவருக்கும் இதே கணக்குத்தான். வயலின் படிப்பவர் நள்ளிரவிலும் வயலினை எடுத்துச் சாதகம் செய்யலாம். நடத்துநருக்கு வாத்தியம் என்பது மற்ற மனிதர்கள். நாற்பது பேரோ எண்பது பேரோ எதிரே உட்கார்ந்திருந்தால்தான் அவர் கற்க முடியும். கண்ணாடி முன் நின்று கையசைத்துப் பழகலாம், ஸ்கோர் என்னும் முழு இசைக்குறிப்பை மனப்பாடம் செய்யலாம், ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்கலாம்; இவையெல்லாம் தயாரிப்பு மட்டுமே. ஒரு குழுவின் முன் நிற்கக் கிடைக்கும் நிமிடங்கள்தாம் இந்தப் படிப்பின் தொலைநோக்கி நேரம். என் வாதம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது: தமிழ்நாட்டில் இந்தத் துறையில் முனைவர் பட்டம் வர வேண்டுமானால் முதலில் குழுக்கள் வர வேண்டும். மலைமேல் தொலைநோக்கியை வைத்த பிறகுதான் அதை நம்பி ஆராய்ச்சி மாணவர்கள் வந்தார்கள்.

நடத்துநர் அப்படி என்ன செய்துவிடுகிறார் என்ற ஐயம் பலருக்கு உண்டு. வாத்தியக்காரர்களுக்குத் தாளம் தெரியாதா, ஒருவர் எதிரே நின்று கையை வீச வேண்டுமா என்று கேட்பார்கள். இதற்குப் பதில் சொல்ல மேல்நாட்டு சிம்பொனி வரை போக வேண்டாம். பள்ளிக்கூடக் காலை பிரேயர் போதும். தமிழ்த்தாய் வாழ்த்தை 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவித்த அரசு, அதை மோகன ராகத்தில், மூன்றன் நடையில், 55 நொடியில் பாட வேண்டும் என்று வரையறுத்தது. ஒவ்வொரு நாளும் தமிழ்நாடு முழுவதும் லட்சக்கணக்கான பிள்ளைகள் அதைப் பாடுகிறார்கள். மைக் முன் நிற்கும் இரண்டு மூன்று பேர் எடுத்துக்கொடுக்கிறார்கள், மற்றவர்கள் பின்பற்றுகிறார்கள். பெரிய மைதானத்தில் கடைசி வரிசை எப்போதும் சற்றுப் பின்னால்தான் வரும். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகிறது. முன்வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் 34 மீட்டர் இடைவெளி இருந்தால், முன்னால் பாடியது பின்னால் போய்ச் சேர நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகிறது. நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே அரை நொடிதான் இருக்கிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கு பிசகினால் காது கண்டுபிடித்துவிடும். காதை நம்பினால் பிந்துவார்கள், கண்ணை நம்பினால் பிந்த மாட்டார்கள். எல்லாருக்கும் தெரியும்படி ஒரு கை அசைந்தால் கடைசிப் பிள்ளையும் அதே கணத்தில் அதைப் பார்த்துவிடுகிறது. எஸ்தோனியா நாட்டில் 1869இல் தொடங்கிய பாட்டுத் திருவிழாவில் இன்று பல்லாயிரம் பேர் ஒரே மேடையில் சேர்ந்து பாட முடிவதற்கு அடிப்படை இதுதான்.

அந்தக் கை அசைவதிலும் ஒரு நுட்பம் உண்டு. கர்நாடக இசை படித்த பிள்ளைக்குத் தாளம் போடத் தெரியும்; தட்டு, வீச்சு, விரல் எண்ணிக்கை எல்லாம் கை தானாகச் செய்யும். ஆனால் தாளம் போடும் கை, பாட்டு இப்போது ஆவர்த்தனத்தின் எந்த இடத்தில் நிற்கிறது என்று காட்டுகிறது. நடத்துநரின் கை இனி வரப்போவதைக் காட்டுகிறது. கையை மார்பு உயரத்தில் நிறுத்தி, பாடுபவர்களின் கண்ணைப் பார்த்து, எடுக்கப்போகும் வேகத்திலேயே ஒரு தட்டு அளவுக்கு அதை மேலே தூக்க வேண்டும். கூடவே நடத்துநரும் மூச்சை இழுக்க வேண்டும். அவர் இழுத்தால் நாற்பது பேரும் இழுப்பார்கள். பாட்டு எப்போது தொடங்கும், என்ன வேகம், எவ்வளவு சத்தம் என்ற மூன்றும் அந்த ஒரு மூச்சிலேயே போய்ச் சேர்ந்துவிடும். கை கீழே இறங்கும் இடத்தில் குரல் பிறக்கும். அந்த முன்னசைவு தயங்கினால் முதல் எழுத்தே நான்காக உடையும். பிறகு சுருதிப் பிரச்சினை இருக்கிறது. வாத்தியத் துணையில்லாமல் பாடும் குழு மெல்ல மெல்ல இறங்கும்; மோகனத்தில் முதலில் தொய்வது பெரும்பாலும் காந்தாரம். அதை எந்த வரிசையில் யார் தொய்ய விடுகிறார்கள் என்று கேட்டறிந்து, திட்டாமல், பாட்டை நிறுத்தாமல் கையாலும் முகத்தாலும் தூக்கிவிடுவது பல ஆண்டுப் பயிற்சியில் வருவது. இதைத்தான் பல்கலைக்கழகங்கள் உயர்படிப்பாக வைத்திருக்கின்றன.

இது ஐரோப்பாவிலும் மிகப் பழைய தொழில் அல்ல. 17ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு அரசவையில் இசையமைப்பாளர் லுல்லி கனத்த கோலால் தரையைத் தட்டித் தாளம் காட்டினார். ஒரு நாள் அது காலில் பட, அந்தப் புண் புரையோடி 1687இல் இறந்தார். மெண்டல்சன் 1835இல் லைப்சிக் நகரில் கேவன்ட்ஹவுஸ் இசைக்குழுவுக்குப் பொறுப்பேற்றுச் சிறு கோலால் நடத்திய காலத்தில்தான் நடத்துநர் தனியொரு கலைஞராகத் தலையெடுத்தார். பெர்லியோஸ் 1850களில் இக்கலைக்கு ஒரு கையேடே எழுதினார். வாக்னர் 1869இல் இதைப் பற்றி நீண்ட கட்டுரை வெளியிட்டார். அப்போதும் இது குருவின் பக்கத்தில் நின்று பழகும் தொழிலாகத்தான் இருந்தது.

முனைவர் பட்டமாக இதை மாற்றியது அமெரிக்கா. டி.எம்.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் டாக்டர் ஆஃப் மியூசிக்கல் ஆர்ட்ஸ் பட்டம் 1950களில் நிலைபெற்றது. ஈஸ்ட்மன் இசைப்பள்ளியின் ஹவர்ட் ஹான்சன் அதற்காக முன்னின்று வாதாடியவர்களில் ஒருவர். இசையைப் பற்றி எழுதி ஆராய்பவருக்கு பிஎச்.டி. இருக்கிறது, இசைப்பவருக்கும் நடத்துபவருக்கும் அவர்கள் கலையிலேயே உச்சப் பட்டம் ஒன்று வேண்டும் என்பது அதன் பின்னாலிருந்த எண்ணம். நடத்துநர் படிப்பு அங்கே பொதுவாக மூன்று கிளையாகப் பிரிகிறது: ஆர்க்கெஸ்ட்ரா, பாடகர் குழு, ஊதுவாத்தியக் குழு. சேர்வது எளிதல்ல. விண்ணப்பிப்பவர் தான் நடத்திய ஒத்திகையையும் கச்சேரியையும் வீடியோவாக அனுப்ப வேண்டும். கச்சேரியைவிட ஒத்திகை வீடியோவைத்தான் பேராசிரியர்கள் கூர்ந்து பார்ப்பார்கள். தவறு நடந்ததும் நடத்துநர் என்ன சொன்னார், எத்தனை சொல்லில் சொன்னார், அடுத்த முறை அது சரியானதா என்பது அதில்தான் தெரியும். அதில் தேறியவர்கள் நேரில் போய் அங்குள்ள குழுவை நடத்திக் காட்ட வேண்டும். ஆண்டுக்கு ஓரிருவரையே எடுத்துக்கொள்ளும் துறைகள் உண்டு. எத்தனை பேரை எடுப்பது என்பது எத்தனை பேருக்குக் குழுவைத் தர முடியும் என்பதைப் பொறுத்தது.

முதுகலைக்குப் பிறகு மூன்று முதல் ஐந்து ஆண்டு. இடையில் பல கச்சேரிகள் நடத்த வேண்டும். ஒரு கச்சேரி விரிவுரையோடு சேர்ந்தது. எடுத்துக்கொண்ட படைப்பைப் பற்றி மேடையிலேயே விளக்கி, பிறகு நடத்த வேண்டும். இசை வரலாறு, ஸ்கோர் பகுப்பாய்வு, செவிப் பயிற்சி, இருபது வரிகள் கொண்ட ஸ்கோரைப் பியானோவில் சுருக்கி வாசித்தல், அயல்மொழி, விரிவான எழுத்துத் தேர்வு எல்லாம் உண்டு. கடைசியில் ஆய்வேடு; அது வழக்கமான பிஎச்.டி. ஆய்வேட்டைவிடச் சிறியதாக இருக்கலாம். உதவித்தொகையோடு சேர்பவர்கள் இளங்கலை மாணவர் குழு ஒன்றை நடத்தும் வேலையையும் செய்வார்கள். சம்பளம் குறைவுதான், ஆனால் வாரந்தோறும் ஒரு குழு கையில் இருக்கும். படிப்பின் உண்மையான செல்வம் அதுதான் என்பேன்.

ஐரோப்பா வேறு வழியில் போயிற்று. வியன்னாவில் ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கியிடம் கற்ற சூபின் மேத்தா, மும்பையில் 1936இல் பிறந்தவர். தந்தை மேலி மேத்தா 1935இல் பம்பாய் சிம்பொனி இசைக்குழுவைத் தொடங்கியவர். 1954இல் வியன்னா போன சூபின், பெரிய நடத்துநர்களின் ஒத்திகையைப் பக்கத்திலிருந்து பார்ப்பதற்காகவே நண்பர் கிளாடியோ அபாடோவோடு அங்குள்ள பாடகர் குழுவில் சேர்ந்து பாடினார். கோல் கையில் வராத நாள்களில் கோலுக்கு எதிரே போய் உட்கார்ந்த மாணவர்கள். 1958இல் லிவர்பூல் போட்டியில் வென்றார், 1978 முதல் 1991 வரை நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கை நடத்தினார். பின்லாந்தில் யோர்மா பனுலா சிபெலியஸ் அகாதெமியில் இன்னொரு முறையைக் கொண்டுவந்தார்: மாணவர்களே வாசிக்கும் சிறு குழு, அதன் முன் ஒவ்வொருவரும் நிற்பது, எல்லாவற்றையும் வீடியோ எடுத்துப் பிறகு தானே பார்ப்பது. அதிகம் பேசாத ஆசிரியர் அவர். எஸா-பெக்கா சலோனன் போன்றவர்கள் அந்த வகுப்பிலிருந்து வந்தார்கள். இவர்களுக்கு உலக மேடையைத் திறந்துவிட்டது முனைவர் பட்டம் அல்ல.

அப்படியானால் பட்டம் வீணா? அப்படிச் சொல்வது நேர்மையாகாது. நடத்துநர் ஜோஆன் ஃபல்லெட்டா 1989இல் ஜூலியார்டில் முனைவர் பட்டம் பெற்றார், 1999 முதல் பஃபலோ ஃபில்ஹார்மோனிக்கின் இசை இயக்குநராக இருக்கிறார். பெண்கள் அந்த மேடையில் ஏறுவதே அரிதாக இருந்த காலத்தில் அவர் ஏறினார். தொழில்முறை இசைக்குழுவில் நுழைய யாரும் சான்றிதழைக் கேட்பதில்லை என்பது உண்மை. பல்கலைக்கழகத்தில் நிலையான வேலைக்கு அமெரிக்காவில் அது ஏறக்குறையக் கட்டாயம் என்பதும் உண்மை. ஆக, இந்தப் பட்டத்தின் முதல் பயன் ஆசிரியர்களை உருவாக்குவது. நமக்கு வேண்டியதும் அதுதான். ஒரு சூபின் மேத்தா ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை தானாக வருவார். நாற்பது பள்ளிகளில் நாற்பது குழுவைத் தொடங்கி வைக்கும் ஆசிரியர் தானாக வர மாட்டார்.

தமிழ்நாட்டில் இசையில் முனைவர் பட்டம் புதிதில்லை. சென்னைப் பல்கலைக்கழக இந்திய இசைத்துறையை வளர்த்த பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி 1930களின் தொடக்கத்தில் மியூனிக் போய் ஐரோப்பிய இசையையும் படித்து வந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைக்கல்லூரி 1929இல் தொடங்கியது. 2013இல் மாநிலத்துக்கென்றே இசை, கவின்கலைப் பல்கலைக்கழகம் அமைந்தது. ஆனால் இவற்றில் ஆய்வு என்றால் பெரும்பாலும் எழுத்துதான். யு.ஜி.சி.யின் 2022ஆம் ஆண்டு விதிப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகம் 6 ஆண்டு. பெண்களுக்கு மேலும் 2 ஆண்டு வரை நீட்டிப்புக் கிடைக்கும். நெட் தேர்வில் இசைப் பாடத்தின் பிரிவுகளைப் பார்த்தால் கர்நாடக இசை, இந்துஸ்தானி, ரவீந்திர சங்கீதம், தாளவாத்தியம் என்றுதான் போகிறது. குழுவை நடத்துவது ஒரு துறையாகவே அதில் தலைகாட்டவில்லை. மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என ஏழு கலைகளைக் கற்றுத் தருகின்றன, அருமையான ஏற்பாடு. ஏழையும் கற்ற பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்து நடத்தும் எட்டாவது வகுப்பு இல்லை.

நடத்துநர்களே நம்மிடம் இருந்ததில்லை என்று சொல்ல முடியாது. மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் 1893இல் தொடங்கியது, இன்றும் பாடிக்கொண்டிருக்கிறது; சென்னை வானொலியில் மேற்கத்திய இசையைக் கவனித்த ஹேண்டல் மானுவேல் அந்தப் பாடகர் குழுவை நெடுங்காலம் நடத்தினார், அவருக்குப் பின் அகஸ்டின் பால். அகில இந்திய வானொலி 1952இல் வாத்திய விருந்தா என்ற இசைக்குழுவைத் தொடங்கியபோது ரவிசங்கரோடு டி.கே. ஜெயராம ஐயரும் அதற்குப் பொறுப்பாக இருந்தார். சினிமா ஒலிப்பதிவுக் கூடங்களில் வயலின் வரிசைக்கு முன் நின்று கைகாட்டியவர்கள் பலர். இளையராஜாவின் டிரம்மர் புருஷோத்தமன் அவருடைய குழுவை நடத்தியும் தந்தார். இவர்களெல்லாம் வேலையிலேயே கற்றவர்கள். அவர்கள் அறிந்த வித்தை பெரும்பாலும் எழுதப்படாமல் போய்க்கொண்டிருக்கிறது; ஒலிப்பதிவு கணினிக்கு மாறி, எல்லாரும் ஒரே அறையில் சேர்ந்து வாசிக்கும் வழக்கம் குறைந்த பிறகு கற்கும் இடமும் குறைந்துவிட்டது. இளையராஜாவின் பெரிய இசைக்குழுப் படைப்புகளை யார் நடத்தினார்கள் என்று பாருங்கள்: 1993 சிம்பொனிப் பதிவுக்கு ஜான் ஸ்காட், 2005 திருவாசகத்துக்கு புடாபெஸ்ட்டின் லாஸ்லோ கோவாக்ஸ், 2025 மார்ச்சில் லண்டனில் அரங்கேறிய சிம்பொனிக்கு மிக்கேல் டாம்ஸ். மூவரும் தேர்ந்த கலைஞர்கள், அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அந்த இடத்தில் நிற்க ஒரு தமிழ்ப்பிள்ளையை நாம் இன்னும் ஆயத்தப்படுத்தவில்லை என்பது எனக்கு உறுத்துகிறது.

எல்லாரையும்விட இந்த மாணவிக்கு நெருக்கமான முன்னோடி எம்.பி. சீனிவாசன். சினிமா இசையமைப்பாளர், சினிமா இசைக்கலைஞர்களுக்குச் சங்கம் கண்டவர். 1970களின் தொடக்கத்தில் மெட்ராஸ் யூத் கொயர் என்ற சேர்ந்திசைக் குழுவை உருவாக்கி, பாரதி பாடல்களைப் பல குரலுக்கு அமைத்தார். ஒரே ராகத்துக்குள் இரண்டு மூன்று குரல் வெவ்வேறு வழியில் போய்ச் சேருவதை நம் காதுக்குப் பழக்கினார். ஸ்டாஃப் நொட்டேஷன் என்னும் மேல்நாட்டு இசைக்குறிப்பு முறை தெரியாதவர்களையும் சேர்த்துப் பாட வைத்தார். 1988இல் லட்சத்தீவில், சேர்ந்திசை கற்றுக்கொடுக்கப் போன இடத்தில் இறந்தார். நகரத்தில் ஒரு நல்ல குழுவை வைத்துக்கொண்டு நிற்காமல் கடைக்கோடிப் பிள்ளைகளைத் தேடிப் போனவர் அவர். அவருடைய ஒத்திகை முறையைப் பற்றி மட்டும் ஒரு முழு ஆய்வேடு எழுதலாம். அவரிடம் பாடியவர்கள் இருக்கும்போதே எழுத வேண்டும்.

கோல் பிடித்து நடத்துவது நம் மரபுக்கு ஒவ்வாதது என்ற மறுப்புக்கும் பதில் வேண்டும். ஒவ்வாமையைவிட வேற்றுமை என்று சொல்வேன். ஜவ்வாது மலை இறங்கினால் திருவண்ணாமலை மாவட்டத்துச் சமவெளி. அதில் செய்யாறு பக்கம் புரிசை. புரிசை கண்ணப்பத் தம்பிரான் பரம்பரையின் தெருக்கூத்தில் நடத்துநர் என்று தனியாக ஒருவர் நிற்பதில்லை. முகவீணை, மிருதங்கம், ஆர்மோனியம், தாளம், பின்பாட்டு எல்லாம் பின்னால் உட்கார்ந்திருக்கும். வேஷம் கட்டியவரின் சலங்கைக் காலைப் பார்த்து மிருதங்கம் போகும், பாட்டின் ஓட்டத்தை வாத்தியார் தீர்மானிப்பார், விடியும் வரை நேரத்தை நீட்டுவதும் சுருக்குவதும் அவர் கணக்கு. அடவு மாறப்போகும் செய்தி சிறு பார்வையிலோ தாளத்தின் ஒரு அழுத்தத்திலோ எல்லாருக்கும் போய்விடுகிறது. நாகசுரக் குழுவிலும் அப்படித்தான். குழுவுக்கு வெளியே நிற்காமல் உள்ளிருந்தே நடத்தும் இந்தக் கலையை நுட்பமாகப் பதிவு செய்து ஆராய்ந்தால் உலகத்து நடத்துநர் படிப்புக்கே புதிதாக ஒன்றைத் தரலாம். எட்டு கேமராவை வைத்து ஒரு இரவுக் கூத்தை எடுத்து, யார் யாரை எப்போது பார்த்தார்கள் என்று குறித்துக்கொண்டே வந்தால் போதும். வியன்னாவிலோ பாஸ்டனிலோ இருப்பவர் இதைச் செய்ய வேண்டுமென்றால் முதலில் தமிழ் கற்க வேண்டும். நம் மாணவிக்கு அந்தத் தடை இல்லை.

இங்கே ஹங்கேரியிலிருந்து ஒரு முன்மாதிரியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சோல்தான் கொடாய் 1905இல் கிராமம் கிராமமாகப் போய் நாட்டுப்பாடல்களைச் சேகரித்தார்; 1906இல் ஹங்கேரிய நாட்டுப்பாடல்களின் அடியமைப்பைப் பற்றி ஆய்வேடு எழுதி முனைவரானார். அதோடு நிற்கவில்லை. கேட்ட பாடல்களைப் பிள்ளைகளின் பாடகர் குழுக்களுக்கு அமைத்தார். பள்ளிப்பிள்ளை முதலில் கற்க வேண்டியது தன் ஊர்ப் பாட்டுத்தான், அதுவும் ஐந்து சுரப் பாட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்றார். அரைச்சுர நெருக்கம் இல்லாத ஐந்து சுரங்களில் பிள்ளைகளின் சுருதி எளிதில் நிலைக்கும். நம் பிள்ளைகள் தினமும் பாடும் மோகனம் அதே வகை ஐந்து சுரம்தான். கொடாய் தேடிப் போய் அமைத்த முதற்பாடம் நம் பிரேயரில் ஏற்கெனவே இருக்கிறது. அவருடைய சீடர்கள் பரப்பிய முறை இன்று பல நாடுகளில் பாடகர் குழு ஆசிரியர்களின் அடிப்படைப் பயிற்சி.

இந்தியாவுக்குள்ளேயே மலைப்பிள்ளைகளின் குழு உலக மேடை ஏறியதும் நடந்திருக்கிறது. பியானோ கலைஞர் நீல் நொங்கின்ரி இங்கிலாந்திலிருந்து திரும்பி 2001இல் ஷில்லாங் சேம்பர் கொயரைத் தொடங்கினார். 2010இல் சீனாவில் நடந்த உலகப் பாடகர் குழுப் போட்டிகளில் அது தங்கம் வென்றது. அங்குள்ள காசிப் பழங்குடி மக்களின் பாட்டும் மேல்நாட்டுப் பாட்டும் அந்தக் குழுவில் அக்கம்பக்கமாக இருந்தன. காசி மலைகளுக்குத் தேவாலயப் பாடகர் குழுவின் நூற்றாண்டுப் பின்புலம் இருந்தது, ஜவ்வாதுக்கு அது இல்லை என்பது சரியான வேறுபாடு. ஆனால் ஜவ்வாதுக்குத் தன் சொந்தப் பாட்டு இருக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று தம் முன்னோரைச் சொல்லும் மலையாளிப் பழங்குடியினரின் திருவிழாப் பாட்டு, தாலாட்டு, வயல்வேலைப் பாட்டு. சாமை விதைக்கும் காலத்திலிருந்து அறுக்கும் காலம் வரை அந்த ஊர்களில் என்ன பாடுகிறார்கள், யார் எடுக்க யார் வாங்கிப் பாடுகிறார்கள் என்பதை அந்த மண்ணின் பெண்ணே கேட்டுப் பதிவு செய்வதற்கும் வெளியிலிருந்து வந்தவர் ஒலிவாங்கியோடு போய் நிற்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. பாடியவர்களிடம் அனுமதி கேட்பதும், பதிவைத் திரும்ப ஊருக்கே கொடுப்பதும், எந்தப் பாட்டை மேடையேற்றக் கூடாது என்று அவர்கள் சொன்னால் விட்டுவிடுவதும் ஆய்வின் ஒரு பகுதியாக முதல் நாளே எழுதப்பட வேண்டும்.

செலவைப் பேசாமல் முடிக்கக் கூடாது. ஆர்க்கெஸ்ட்ரா அமைக்க எண்பது வாத்தியம் வேண்டும், அவற்றை வாசிக்கக் கற்றவர்கள் வேண்டும், பத்தாண்டுக்குக் குறையாத வேலை. பாடகர் குழுவுக்கு ஒரு சுருதிப்பெட்டி போதும். உண்டு உறைவிடப் பள்ளியில் பிள்ளைகள் மாலையிலும் அங்கேயே இருக்கிறார்கள். ஒத்திகைக்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை எந்த இசைக்கல்லூரியும் தர முடியாது. ஆகவே நம் மாணவி பாடகர் குழுவிலிருந்து தொடங்குவதுதான் புத்திசாலித்தனம். மலையாளிகள் இந்த வட்டாரத்தில் பட்டியல் பழங்குடியினர். அந்தப் பிரிவினருக்கான தேசிய ஆராய்ச்சி உதவித்தொகை நாடு முழுவதும் ஆண்டுக்கு 750 பேருக்குக் கிடைக்கிறது, வெளிநாட்டுப் படிப்புக்கு 20 பேருக்கு. இந்த இடங்களைக் குறிவைத்து இசைப்பிள்ளைகளை இளங்கலையிலிருந்தே ஆயத்தம் செய்யும் ஆசிரியர் ஒருவர் இருந்தால்கூடப் போதும். இளங்கலையைத் தமிழ்நாட்டு இசைக்கல்லூரி ஒன்றில் குரலிசையில் முடித்து, கூடவே சென்னைப் பாடகர் குழு ஒன்றில் பாடி, ஸ்டாஃப் நொட்டேஷனும் பியானோவும் படித்து, விடுமுறைதோறும் மலையில் ஒரு பிள்ளைக் குழுவை நடத்தி அந்த ஒத்திகைகளை வீடியோவாகச் சேர்த்துவைத்தால், முதுகலைக்குப் பிறகு உள்நாட்டுப் பதிவுக்கும் வெளிநாட்டு விண்ணப்பத்துக்கும் அவளிடம் சரக்கு இருக்கும்.

பல்கலைக்கழகம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பின்லாந்தின் சிபெலியஸ் அகாதெமி கச்சேரிகளையே ஆய்வின் பகுதியாக ஏற்கும் முனைவர் படிப்பை வைத்திருக்கிறது. ஆய்வேடு அந்தக் கச்சேரிகளோடு சேர்த்தே மதிப்பிடப்படுகிறது. நம் மாநில இசைப் பல்கலைக்கழகமும் அதே வழியில், நான்கு கச்சேரி, பாடல்களின் அச்சிட்ட இசைக்குறிப்பு, ஒத்திகைப் பதிவுகள், ஓர் ஆய்வேடு என்று ஒரு முனைவர் படிப்பை வடிவமைக்கலாம். வழிகாட்டிகள் இருவர் வேண்டும், ஒருவர் நாட்டார் வழக்காற்றியல் அறிந்தவர், மற்றவர் குழு நடத்தியவர். மாவட்ட இசைப்பள்ளியில் வாரம் இரண்டு மாலை சேர்ந்திசை வகுப்பு நடத்தும் பொறுப்பை ஆய்வு மாணவருக்கே கொடுத்துவிட்டால், அமெரிக்கத் துறைகள் உதவித்தொகையோடு தரும் அந்தக் குழு இங்கேயும் அவர் கைக்கு வந்துவிடும்.

ஆய்வேட்டை மதிப்பிடுவோரில் ஒருவராவது பாடகர் குழு நடத்திப் பழகியவராக இருக்க வேண்டும். வாய்மொழித் தேர்வு அன்று மாணவிக்கு அதுவரை அவள் பார்த்திராத ஒரு குழுவையும் அரை மணி நேரத்தையும் கொடுத்து, புதுப்பாட்டு ஒன்றைக் கற்றுக்கொடுத்துப் பாட வைக்கச் சொல்லலாம். மீதிக் கேள்விகளை அதற்குப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.